அறுவைக் கருவியைப் பின்தொடர பாசிவா, ஆக்டிவா? பாடாங் செராயிலிருந்து ஒரு கேள்வி

செராய் மின்மினி | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லியாகணும், அதான் எழுதுறேன்.

முதுகெலும்புல ஸ்க்ரூ போடப் பழகுற இளம் டாக்டருங்களுக்கு ஒரு பயிற்சி மேசை செய்யறதுதான் என் முதுகலை ஆராய்ச்சி. பிளாஸ்டிக் எலும்பு, ஒரு டிரில், இடத்தைத் தொட்டுக் காட்டுற ஒரு பாயிண்டர். டிரில் நுனி எலும்புக்குள்ள எங்க, எந்தக் கோணத்துல போகுதுன்னு திரையில உடனே தெரியணும். கேம்பஸ்ல இடம் கிடைக்கல. பாடாங் செராய்ல எங்க மாமாவோட இரும்புச் சாமான் கடை மேல்மாடியில மேசையப் போட்டிருக்கேன். தகரக் கூரை, மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல்.

கையில ரெண்டு வாய்ப்பு. ஒண்ணு, டூல் எங்க இருக்குன்னு பின்தொடர்ற பழைய போலாரிஸ் ஸ்பெக்ட்ரா கேமரா, கூடவே பிரதிபலிக்கிற பந்து மாட்டுற பாசிவ் டூல். இன்னொண்ணு, எல்இடி பதிச்சு கேபிள் போட்ட ஆக்டிவ் செட். விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். "நீயே தேர்ந்தெடு, ஆனா காரணத்த எழுதிக் கொடு"ன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாங்க.

என் மனசு ஆக்டிவ் பக்கம் சாயுது. தானே வெளிச்சம் விடுற பொருள கேமரா தப்பாப் பாக்க வாய்ப்பு கம்மி இல்லையா? ரெண்டையும் கையில பிடிச்சுப் பழகினவங்க சொல்லுங்க.

கூலிம் சால்டர் | திங்கள், இரவு 10.25

தங்கச்சி, நான் கூலிம் ஹைடெக்ல போர்டு பக்கம் வேலை. ஆஸ்பத்திரி அனுபவம் இல்ல, ஆனா எல்இடியும் கேமராவும் என் சோறு. அடிப்படையச் சொல்லிடறேன், அப்புறம் வர்றவங்க ஆபரேஷன் தியேட்டர் கதையச் சொல்லட்டும்.

நம்ம வீட்டுல ரப்பர் பால் வெட்டப் போனவங்களுக்கு இது புதுசில்ல. விடியக்காலம் 5 மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு காட்டுக்குள்ள போறப்ப, மரத்து மேல உக்காந்திருக்கிற மூசாங்கோட (மரநாய்) கண்ணு பளீர்னு தெரியும். பக்கத்துல கையில டார்ச் வெச்சு வேற பக்கம் நிக்கிறவருக்கு அது தெரியாது. ஏன்? அந்தக் கண்ணு வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புது. லைட்டு உங்க கண்ணுக்கு ஒட்டி இருந்தாத்தான் பாக்கலாம். பாசிவ் சிஸ்டம் அதேதான். லென்ஸைச் சுத்தி வளையமா இன்ஃப்ராரெட் எல்இடி இருக்கும். பந்து மேல பொடிக் கண்ணாடி மணி பூசியிருக்கும். அடிச்ச வெளிச்சம் நேரா லென்ஸுக்கே வரும். கேமராவுக்கு இருட்டுல வெள்ளை வட்டம் மட்டும் தெரியும்.

ஆக்டிவ்னா தோட்டத்துல காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்களம். கிராணி (கணக்கர்) ஒவ்வொரு பேராக் கூப்பிட, அந்தாளு மட்டும் கை தூக்குவாரு. ஒரு நேரத்துல ஒரு எல்இடி மட்டும் எரியும், அதனால எந்தப் புள்ளி எதுன்னு குழப்பமே வராது. பாசிவ்ல பேர் கூப்பிட முடியாது. பந்துகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை வெச்சு "இந்தக் கூட்டம் டிரில், அந்தக் கூட்டம் பாயிண்டர்"னு ஆளை அடையாளம் பிடிக்கணும்.

சிக்னல் மட்டும் பாத்தா நானும் உன் பக்கம்தான், ஆக்டிவ் பலமானது. ஆனா ஒண்ணு. எல்இடிக்கு முகம் உண்டு, நேரா பாத்தா பளிச்சுன்னு இருக்கும், சாய்ச்சா மங்கும். பந்துக்கு முகம் கிடையாது, எந்தப் பக்கம் பாத்தாலும் வட்டம். டிரில்லைச் சுழட்டி சுழட்டிப் பிடிக்கிற வேலைக்கு அதையும் நெனச்சுப் பாரு.

தியேட்டர் அக்கா | செவ்வாய், காலை 6.50

நைட் ஷிப்ட் முடிச்சுட்டு எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. எலும்பு அறுவை தியேட்டர்ல ஸ்க்ரப் நர்ஸா பல வருஷம். முட்டி மாத்து ஆபரேஷனுக்கு ரெண்டு வகையும் என் டிராலியில வந்திருக்கு.

கண்ணு, நீ கேமராவைப் பாத்து முடிவெடுக்கிற. நாங்க கேபிளைப் பாத்து எடுப்போம். கேபிள் போட்ட டூல் டிராலியில இருந்து மேசைக்கு வர்றதுக்குள்ள யாராவது ஒருத்தர் கையில மாட்டும். இழுத்தா சர்ஜனோட மணிக்கட்டு அசையும். கேபிளோட அந்தக் கடைசி ஸ்டெரைல் (கிருமி நீக்கின நிலை) இல்லாத ஆள் கைக்குப் போகணும். பாட்டரி வெச்ச ஆக்டிவ் டிராக்கர்ல கேபிள் தொல்லை இல்ல, ஆனா பாட்டரியை ஆட்டோகிளேவ்ல வேக வைக்க முடியாது. ஸ்டெரைல் கூட்டைத் தனியாத் திறந்து, வெளியாள் பாட்டரியை உள்ள படாம நழுவவிட்டு மூடணும். ராத்திரி 2 மணிக்கு அவசரக் கேஸ் வந்தா அந்த ஒரு படிதான் பதட்டம்.

பாசிவ் பந்து ஸ்டெரைல் பாக்கெட்டுல வரும். குச்சியில அழுத்தினா "டிக்"னு உக்காரும். அந்த டிக் கேக்கணும். அரைகுறையா உக்காந்தா திரையில டூல் வரும் போகும், சர்ஜன் என்னையப் பாப்பாரு. 3 டூல், ஆளுக்கு 4 பந்துன்னா ஒரு கேஸுக்கு 12 பந்து, முடிஞ்சதும் குப்பை. செலவு அங்கதான்.

ரத்தம். இதை யாரும் புரோஷர்ல போட மாட்டாங்க. பந்துல ஒரு துளி பட்டா அது பாதி வட்டமாயிடும். கேமரா பாதி வட்டத்தோட நடுவை பந்தோட நடுவுன்னு எடுத்துக்கும். பெருசா மறைஞ்சா சிஸ்டம் டூலை விட்டுடும், அது நல்லது, எல்லாரும் கவனிப்போம். கொஞ்சமா மறைஞ்சாத்தான் பயம், ஏன்னா திரையில எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரியே இருக்கும். ஈரத்துணியில தொடச்சா இன்னும் மோசம், கண்ணாடி மணி நடுவுல ஈரம் போயிடும், பந்து மங்கிடும். மாத்திடணும். எங்க தியேட்டர்ல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்றது அதுதான்.

இன்னொண்ணு, மயக்க மருந்து டாக்டருங்களுக்காக. ரத்தத்துல ஆக்சிஜன் அளக்க விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரும் இன்ஃப்ராரெட்டைப் பயன்படுத்துது. கேமரா வெளிச்சம் அதுல விழுந்து அளவு தாறுமாறானதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கு. விரலை வெளிச்சம் போகாத துணியால மூடிடுவோம். உன் பிளாஸ்டிக் எலும்புக்கு மூச்சு இல்ல, ஆனா பழக வர்ற டாக்டருக்கு இதையும் சொல்லிக் கொடு.

சதுரம் | செவ்வாய், மதியம் 1.15

ஸ்பெக்ட்ராவின் துல்லியம் அதன் விவரத்தாளில் 0.25 மி.மீ. ஆர்எம்எஸ் (பிழைகளின் ஒருவகைச் சராசரி). அதைச் செய்த நிறுவனத்தின் புதிய வேகா கேமரா 0.12. சுவிட்சர்லாந்தின் அட்ராக்சிஸ் செய்யும் ஃப்யூஷன்டிராக் 500 வகைக்கு 0.09. இந்த எண்களை வைத்து ஒப்பிடத் தொடங்கினால் தவறான இடத்தில் பணம் போகும். இவை ஒரு மார்க்கரின் (பந்தோ எல்இடியோ) இடத்தைக் கேமரா எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதன் அளவு. டிரில் நுனியில் மார்க்கர் இல்லை. நுனிப் பிழை வேறு.

1998-இல் ஃபிட்ஸ்பாட்ரிக், வெஸ்ட், மௌரர் மூவரும் இந்த வகைப் பிழையைக் கணிக்க ஒரு வாய்ப்பாடு தந்தார்கள். 2004-இல் வெஸ்ட்டும் மௌரரும் அதையே கருவி வடிவமைப்புக்குப் பொருத்திக் காட்டினார்கள். சாரம் இதுதான்: மார்க்கர் கூட்டத்தின் நடுவிலிருந்து நுனி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்குப் பிழை பெருகும், மார்க்கர்கள் எவ்வளவு விரிந்து இருக்கின்றனவோ அந்த அளவுக்குச் சுருங்கும். காண்டாக் கம்புபோல நினைத்துக் கொள்ளுங்கள். தோளில் பிடித்த இடம் ஓர் அங்குலம் அசைந்தால் முனை வாளி எவ்வளவு ஆடும்?

கணக்குப் போட்டேன். 50 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைகளில் 4 மார்க்கர், நுனி நடுவிலிருந்து 200 மி.மீ. முன்னால். நுனிப் பிழை, மார்க்கர் பிழையைப் போல 2.87 மடங்கு. 0.25 உள்ள கேமராவில் 0.72 மி.மீ. மார்க்கர்கள் மாட்டிய இதே சட்டத்தை (ஃப்ரேமை) 0.12 உள்ள கேமராவின் முன் பிடித்தால் 0.34. இப்போது பழைய கேமராவையே வைத்துக்கொண்டு சதுரத்தை 100 மி.மீ. ஆக்குங்கள். பெருக்கம் 1.5 ஆகிறது, பிழை 0.38. அதாவது சட்டத்தைப் பெரிதாக்கியதில் ஒரு புதுக் கேமரா வாங்கியதற்குக் கிட்டத்தட்ட ஈடான பலன் கிடைத்துவிட்டது. அலுமினியத் தகடு என்ன விலை, உங்கள் மாமா கடையிலேயே கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எல்லாத் திசையிலும் பிழை ஒரே அளவு என்று வாய்ப்பாடு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் கேமராவிலிருந்து விலகும் ஆழத் திசையில் பிழை கூடுதல். அடுத்தது, எலும்பின் மேல் ஒரு ரெஃபரன்ஸ் சட்டம் இருக்கும், திரையில் காட்டுவது அதற்குச் சார்பான நுனி. அதன் பிழையும் சேரும், நேராகக் கூட்டாமல் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். ரெஃபரன்ஸ் பக்கம் 0.4 என்று வைத்தால், சின்னச் சட்டத்தோடு மொத்தம் 0.82, பெரிய சட்டத்தோடு 0.55.

பாசிவ், ஆக்டிவ் இரண்டுக்கும் இந்தக் கணக்கு ஒன்றே. அதனால்தான் உங்கள் கேள்வியை முதலில் இந்த இடத்துக்கு இழுத்தேன்.

தியேட்டர் அக்கா | செவ்வாய், மாலை 4.05

சதுரம் தம்பி, கணக்கு சரியாத்தான் இருக்கும். 100க்கு 100 சட்டத்தை டிரில் மேல மாட்டி நீங்க ஒருநாள் பிடிச்சுப் பாருங்க. காயத்தை விரிச்சுப் பிடிக்கிற ரிட்ராக்டர்ல இடிக்கும், அசிஸ்டன்ட் தலையில இடிக்கும், சர்ஜன் தன் கையையே பாக்க முடியாது. பெருசு பெருசுன்னு போனா ஒருத்தரும் அந்த டூலைத் தொட மாட்டாங்க, ஓரமா வெச்சிட்டு பழையபடி எக்ஸ்ரே பாத்துப் போடுவாங்க. அந்தக் கோபத்தை நான் நேர்ல பாத்திருக்கேன்.

பழைய டிரெசர் | செவ்வாய், இரவு 8.30

அன்பு மகளுக்கு. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து கட்டுவதும் ஊசி போடுவதும் பிரசவத்துக்கு விளக்குப் பிடிப்பதும்தான் நம் காலத்து வேலை. இங்கே எழுதுகிற எல்லாம் எனக்கு முழுதும் புரியவில்லை, ஆனாலும் ஒரு கேள்வி விடாமல் உறுத்துகிறது.

நுனி எங்கே என்று தெரிய வேண்டும் என்றால் நுனியிலேயே பந்தை வைக்கக் கூடாதா? அது உடம்புக்குள் போய்விடும் என்பது தெரிகிறது. அப்படியென்றால் பந்துக்கும் நுனிக்கும் நடுவில் கம்பி வளைந்திருந்தால் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நாங்கள் வேக வைத்து எடுத்த ஊசிகளில் பார்வைக்கே தெரியாத வளைவு இருக்கும், தோலில் ஏற்றும்போதுதான் தெரியும்.

செராய் மின்மினி | செவ்வாய், இரவு 9.10

ஐயா, ரொம்ப சரியான கேள்வி. இயந்திரத்துக்குத் தெரியாது. நுனியை ஒரு சின்னக் குழியில ஊனி, டூலைச் சுத்திச் சுத்திச் சாய்ப்போம். பந்துகள் ஒரு கோளத்து மேல நகரும், அந்தக் கோளத்தோட நடுதான் நுனி. பிவட் காலிபரேஷன்னு பேரு. அன்னைக்கு அளந்த நுனியைத்தான் சிஸ்டம் நம்பும். மறுநாள் கம்பி வளைஞ்சிருந்தா திரையில பழைய நுனியே நிக்கும். நீங்க கேட்டதால ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னயும் குழியில வெச்சுச் சரிபார்க்கிற படியைத் திட்டத்துல சேத்துட்டேன்.

பட்டர்வொர்த் பயோமெட் | செவ்வாய், இரவு 11.20

ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு சர்வீஸ் பார்க்கிறவன். இழை பாசிவ் பக்கமே சாஞ்சுட்டதால எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும்.

இந்தத் துறை பிரதிபலிப்புல ஆரம்பிக்கல. 1986-ல அமெரிக்காவுல டார்ட்மத்துல டேவிட் ராபர்ட்ஸ் குழு மூளை அறுவையில மைக்ரோஸ்கோப்பைப் பின்தொடர ஒலியைப் பயன்படுத்துச்சு. காத்தோட சூடு மாறினா ஒலி வேகமும் மாறும், எதிரொலி வேற. அடுத்து எரியுற எல்இடி வந்துச்சு, அப்புறம்தான் பந்து. இன்னைக்கும் பிரெய்ன்லாப் கம்பெனி பந்தை நம்புது, ஸ்ட்ரைக்கர் கம்பெனியோட நேவிகேஷன் பாட்டரி போட்ட ஆக்டிவ் டிராக்கர்ல வளர்ந்துச்சு. ரெண்டு பக்கமும் வருஷக்கணக்கா ஆபரேஷன் நடக்குது. ஒண்ணு தப்புன்னா எப்பவோ ஒழிஞ்சிருக்கும்.

ஆக்டிவோட பலம் நான் பாத்தவரைக்கும் ஒண்ணுதான், ஆனா பெரிய பலம்: பொய் மார்க்கர் வராது. பாசிவ் கேமராவுக்கு பளபளப்பான எதுவும் பந்துதான். மெருகேத்துன ரிட்ராக்டர், பழைய ஹாலஜன் விளக்கு, ஜன்னல் வெயில். மின்மினி, நீங்க மேற்கு ஜன்னல்னு எழுதினதைப் படிச்சதுமே எனக்கு சாயங்கால வெயில்தான் ஞாபகம் வந்துச்சு. வெயில்ல இன்ஃப்ராரெட் கொட்டிக் கிடக்கு.

ஆக்டிவோட பலவீனத்தையும் மறைக்கல. எல்இடி ஒவ்வொண்ணா எரியறதால, டூல் ஓடிட்டு இருந்தா முதல் எல்இடி ஒரு இடத்துலயும் கடைசி எல்இடி இன்னொரு இடத்துலயும் படம் பிடிக்கப்படும். ஒரு பேச்சுக்கு, ரெண்டு எல்இடிக்கு நடுவுல 5 மில்லிசெகண்ட், கை வேகம் வினாடிக்கு 100 மி.மீ.ன்னா, 0.5 மி.மீ. கோணல். பாசிவ்ல எல்லாப் பந்தும் ஒரே படத்துல விழும். எலும்புல டிரில் மெதுவா இறங்குறப்ப இது பெரிய விஷயமில்ல. பாயிண்டரைத் தேய்ச்சு எலும்பு மேற்பரப்பை வாங்குறப்ப தெரியும்.

அப்புறம் சால்டர், ஆட்டோகிளேவ் பத்தி நீங்க சொல்லியிருக்கணும்.

கூலிம் சால்டர் | புதன், காலை 7.05

சொல்றேன் அண்ணே, ஷிப்டுக்குப் போறதுக்கு முன்ன.

134 டிகிரி நீராவி. எல்இடி மேல இருக்கிற எபோக்சி ஒரு அளவுக்கு விரியும், உள்ள சிப் வேற அளவுக்கு, போர்டு வேற அளவுக்கு. ஒவ்வொரு தடவை வெந்து ஆறுறப்பவும் சால்டர் மூட்டு கொஞ்சம் கொஞ்சமா களைக்கும். ஈரம் சந்து தேடி உள்ள போகும். நல்லா சீல் பண்ணி செய்யலாம், செய்யறாங்க, ஆனா அதுக்குத்தான் அந்த விலை. பழைய ஆக்டிவ் டூல் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா அது எத்தனை தடவை வெந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. 3 எல்இடி மட்டும் இருக்கிற டூல்ல ஒண்ணு போனா டூலே போச்சு, ஏன்னா இடமும் சாய்வும் சொல்ல குறைஞ்சது 3 புள்ளி வேணும். 4, 5 இருந்தா தாங்கும். தங்கச்சி, அந்த ஆக்டிவ் செட்டுல எத்தனை எல்இடி இருக்குன்னு முதல்ல எண்ணு.

சதுரம் | புதன், மதியம் 12.40

அக்கா நேற்று எழுதியது சரி. நான் தாளில் மட்டும் பார்த்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன், ஒரு நல்ல விடை கிடைத்தது.

நுனி டிரில்லின் நீள அச்சின் மேல் இருக்கிறது. அந்த அச்சைச் சுற்றி டூல் உருண்டால் நுனி நகராது. நுனியை ஆட்டுவது மற்ற இரண்டு சுழற்சிகள்தான். அவற்றை அடக்கும் விரிவு பெரிதும் நீளவாக்கில் இருந்தால் போதும். எனவே சதுரம் வேண்டாம். அகலம் 50 மி.மீ., நீளம் டிரில் போகும் திசையிலேயே 100 மி.மீ. பெருக்கம் 1.63. அதே ஸ்பெக்ட்ராவில் நுனிப் பிழை 0.41. பெரிய சதுரத்தில் 0.38 வந்தது நினைவிருக்கும். இடிக்கிற அகலத்தைப் பாதியாக்கி, இழந்தது 0.03 மி.மீ. மட்டுமே.

முதுகெலும்பு ஸ்க்ரூ எலும்பை விட்டு எவ்வளவு வெளியே போனது என்று தரம் பிரிக்கும் கெர்ட்ஸ்பெய்ன்-ராபின்ஸ் அளவு 2 மி.மீ. படிகளில் ஏறுகிறது. அதன் பக்கத்தில் 0.03-ஐ வைத்துப் பாருங்கள்.

கணக்கு எளிதாக வர செவ்வகம் எடுத்தேன், அப்படியே செய்து விடாதீர்கள். செவ்வகத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமம். தலைகீழாகத் திருப்பினாலும் கேமராவுக்கு அதே உருவம். போலாரிஸ் டூலுக்கு எந்த இரண்டு மார்க்கர் இடைவெளியும் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது, இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 5 மி.மீ.யாவது வேறுபட வேண்டும். டிரில்லுக்கும் பாயிண்டருக்கும் ரெஃபரன்ஸுக்கும் நடுவிலும் இதைப் பாருங்கள்.

தியேட்டர் அக்கா | புதன், மதியம் 2.30

50 அகலம் நல்லா இருக்கும் தம்பி. பேனாவைப் பிடிக்கிற மாதிரி கை உள்ள போகும். நன்றி.

செராய் மின்மினி | வியாழன், இரவு 10.50

நேத்து சாயங்காலம் ஸ்பெக்ட்ராவை ஒரு நாளைக்கு மட்டும் கடன் கேட்டு வாங்கிட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுறேன்.

கேமராவைச் சூடாக விட்டு, 4 பந்து பாயிண்டரைக் காட்டினதும் திரையில டூல் வந்துச்சு. ஆனா கூடவே 2 தனிப் புள்ளி. எங்க போனாலும் அந்த 2 புள்ளி அங்கேயே. பயோமெட் அண்ணே சொன்ன மாதிரி வெயில்தான்னு ஜன்னலைக் கறுப்புத் துணி போட்டு மூடினேன். போகல. விளக்கை அணைச்சேன். போகல. அரை மணி நேரம் தேடினப்புறம் கதவுக்குப் பின்னால பாத்தா, என் தம்பி ஃபாக்டரியில இருந்து வந்து மாட்டின சேஃப்டி வெஸ்ட். அதுல இருக்கிற வெள்ளிப் பட்டையும் அதே கண்ணாடி மணிதானே! எடுத்து மடிச்சு பையில போட்டதும் 2 புள்ளியும் போயிடுச்சு.

அப்புறம் துணியை எடுத்துப் பாத்தேன். 5 மணி வெயில் நேரா மேசையில விழுந்தப்ப பாயிண்டர் அங்கங்க விட்டுவிட்டுத் தெரிஞ்சுது. துணி போட்டா நல்லாயிடுச்சு. அதனால வெயிலும் உண்மை, வெஸ்ட்டும் உண்மை.

அக்கா சொன்ன ரத்தத்தையும் பரிசோதிச்சேன். பாயிண்டரைக் குழியில ஊனி அசையாம கிளாம்ப் பண்ணிட்டு, ஒரு பந்தோட ஒரு ஓரத்துல மட்டும் சிவப்பு பெயிண்ட் தொட்டு வெச்சேன். டூல் மறையல. எச்சரிக்கையும் வரல. நுனி மட்டும் திரையில இடம் மாறிடுச்சு. அதைப் பாத்ததும் வயித்துல ஏதோ பண்ணுச்சு. கையில டூல் அசையவே இல்ல, திரை வேற இடத்தைக் காட்டுது, பழகுற டாக்டர் அதை நம்பித் துளை போடுவாரு. அந்தப் பந்தைத் தூக்கிப் போட்டுட்டேன்.

ஆக்டிவ் செட்டையும் விசாரிச்சேன். டிரில் டிராக்கர்ல 3 எல்இடிதான். எத்தனை தடவை ஸ்டெரிலைஸ் ஆச்சுன்னு விக்கிறவருக்கே தெரியல.

பட்டர்வொர்த் பயோமெட் | வியாழன், இரவு 11.30

வெஸ்ட் கதையை என் ஜூனியருங்களுக்கு நாளைக்கே சொல்லப் போறேன். 3 எல்இடின்னா எனக்கும் வேண்டாம். நான் ஆக்டிவுக்குப் பேசினது நல்ல நிலையில இருக்கிற, 4க்கு மேல எல்இடி இருக்கிற செட்டை மனசுல வெச்சு.

பாசிவ் எடுத்தா ஒரு நிபந்தனை. ஒவ்வொரு டூலுக்கும் சிஸ்டம் ஒரு பொருத்தப் பிழை கொடுக்கும், பந்துகளோட பார்த்த இடமும் டூல் கோப்புல இருக்கிற இடமும் எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு. அந்தப் பிழைக்கு சிஸ்டம்ல முன்னாடியே போட்டிருக்கிற வரம்பை அப்படியே வைக்காதீங்க. சுத்தமான பந்தோட சாதாரணமா என்ன வருதுன்னு ஒரு வாரம் பதிவு பண்ணி, வரம்பை அதுக்கு ஒட்டி இறுக்குங்க. நீங்க தொட்ட பெயிண்டு மாதிரி ஆச்சுன்னா டூல் சிவப்பாகணும். 4 பந்து இருந்தாத்தான் இது நல்லா வேலை செய்யும். 3 பந்துல ஒண்ணு பொய் சொன்னா காட்டிக் கொடுக்க சாட்சி போதாது.

இது பயிற்சி மேசையா இருக்கிறவரைக்கும் உங்க லேப் விஷயம். ஒரு நாள் நோயாளி பக்கம் கொண்டு போகணும்னா மலேசியாவோட 2012-ஆம் வருஷத்து மருத்துவக் கருவிச் சட்டம், சட்டம் 737, அதன்படி பதிவு பண்ணணும். இப்பவே எல்லாத்தையும் எழுதி வைங்க, அப்ப உதவும்.

பழைய டிரெசர் | வெள்ளி, காலை 5.45

மகளே, பெயிண்ட் விஷயம் படித்து நெடுநேரம் யோசித்தேன். வருகிற டாக்டர் பிள்ளைகளுக்கு நீ செய்ததையே செய்து காட்டு. அவர்களுக்குத் தெரியாமல் ஒரு பந்தில் தொட்டு வைத்துவிட்டு, கண்டுபிடிக்கிறார்களா என்று பார். நாங்கள் புது ஆட்களுக்கு மருந்து அலமாரியில் ஒரு புட்டியை இடம் மாற்றி வைத்துத்தான் லேபிள் படிக்கப் பழக்கினோம்.

செராய் மின்மினி | வெள்ளி, இரவு 8.15

பாசிவ்னு எழுதிக் கொடுத்துட்டேன். காரணமா எழுதினது: பழகுற டாக்டருங்க நாளைக்குத் தியேட்டர்ல பிடிக்கப் போறது கேபிள் இல்லாத டூலைத்தான், டிரில் சுழலும்போது பந்துக்கு முகம் திரும்பாது, பிழையைக் குறைக்கச் சட்டத்தை நானே மாத்தலாம், பந்து பொய் சொல்றதை நானே செஞ்சு காட்டலாம். ஐயா சொன்ன பயிற்சி மூணாவது பாடமா சேந்தாச்சு. சட்டம் 50க்கு 100க்குள்ள, நாலு பந்து, ஒரு இடைவெளியும் இன்னொண்ணும் சமமில்லாம வரைஞ்சு, மாமா கடையிலேயே தகடு வெட்டக் கொடுத்துட்டேன். ஸ்டெரைல் தேவையில்லாததால பந்தைத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனா வெறும் கையால தொட்டா எண்ணெய்ப் பசை ஒட்டும், அதனால கையுறை.

மத்தியானம் அப்பா மேல வந்தாரு. 30 வருஷம் பால் வெட்டினவரு. சால்டர் அண்ணன் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். வீட்டுக்குப் போய் பழைய நெத்தி லைட்டை எடுத்துட்டு வந்து, கறுப்புத் துணி போட்ட இருட்டுல பந்தைப் பாத்தாரு. எரியுற மாதிரி தெரிஞ்சுது. லைட்டைக் கழட்டி ஒரு கை தூரம் தள்ளிப் பிடிச்சாரு, மங்கிடுச்சு. மறுபடி நெத்தியில வெச்சாரு. மூணு தடவை செஞ்சாரு.

அக்கா, ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். கேமராவை மேசையோட கால் பக்கம் வைக்கவா, தலைப் பக்கமா? ஸ்பெக்ட்ரா 950 மி.மீ.க்குக் கிட்ட வந்தா பாக்காது, தள்ளி வைக்க ரெண்டு பக்கமும் இடம் இருக்கு.

தியேட்டர் அக்கா | வெள்ளி, இரவு 9.00

டிரில் பிடிக்கிறவரை முதல்ல நிக்க வை, அசிஸ்டன்ட்டை எதிர்ப்பக்கம் நிக்க வை, ரெண்டு பேரும் குனிஞ்சு வேலை செய்யட்டும். யாரோட தோளும் குறுக்க வராத பக்கம் எதுன்னு அப்பத் தெரியும், அங்க கேமராவை உசத்தி வெச்சு கீழ் பார்க்க விடு. ரெஃபரன்ஸ் கிளாம்பை துளை போடுற எலும்புக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட மாட்டு. யாராவது அதுல முழங்கையை வெச்சா உடனே நிறுத்தச் சொல்லி, குழியில மறுபடி சரிபாக்கச் சொல்லு.

அப்பாவைக் கேட்டதாச் சொல்லு.